பேசிக்கொண்டே நடக்க வேண்டும்

எனக்கு மாரடைப்பு வந்தது ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு அந்த மாதிரி நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. பெண் வீட்டார் கடைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பெயர் வெட்டுகிறவர் ஒரு மூலையில் குடத்தை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பார். வாசலில் வேன் நிற்கும். நான் பித்தளை அண்டா ஒன்றை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்து, பக்கத்து அரிசிக்கடை முருகேசனிடம் ஒரு சோடா வாங்கி வரச் சொன்னேன். சோடா வந்தபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது, இடது கை கனத்துத் தொங்கியது.

முருகேசனுக்கு அவசரம் என்றால் யோசனை ஓடாது, கைதான் ஓடும். அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது. வாசலில் நின்ற கல்யாண வேனிலேயே என்னைத் தூக்கிப் போட்டுப் பாளையங்கோட்டைக்கு விடச் சொல்லிவிட்டான். ஏற்றிய சீர்ப் பாத்திரங்களை இறக்கக்கூட இல்லை. நாங்குனேரி தாண்டுகிற வரை ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அண்டாவும் குடங்களும் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. செத்துவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு பெண்ணின் சீர்ச் சாமானோடு சேர்த்து என் பிணத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வழியில் வீட்டு வாசலில் ஏறிக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி பாக்கியத்தைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி அது. டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு என்னைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்துப் பேசினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு ஒருநாள் அவரே விளக்கினார். உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் தன் பங்குக்கு ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற குழாய் ஒன்றில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கிற சதை செத்துப்போகும். எனக்கு நடந்தது அது. கட்டியைக் கரைக்க நரம்பில் ஊசி மருந்து ஏற்றினார்கள். “கரைஞ்சிருமா சார்?” என்று முருகேசன் கேட்டதும், “பார்ப்போம்” என்று டாக்டர் சொன்னதும் என் காதில் விழுந்தது. பார்ப்போம் என்ற சொல்லை எத்தனையோ கடன்காரர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஐ.சி.யூ.வில் தலைமாட்டில் ஒரு பெட்டி. அதில் என் துடிப்பு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியத்தை உள்ளே விடுகிற நேரத்தில் அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், அந்தக் கோட்டையே பார்ப்பாள். கொண்டுவந்த சீப்பால் என் தலையை வாரிவிடுவாள், அப்போதும் கண் பெட்டியில்தான் இருக்கும். போகச் சொன்னதும் வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை ஒருநாள் துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். திரையை இழுத்து மறைத்தார்கள், சத்தத்தை மறைக்க முடியவில்லை. அன்று முதல் கண்ணை மூடவே பயந்தேன். தூங்கினால் அந்தக் கோடு நின்றுவிடும் என்று நம்பினேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போகவில்லை என்றால் பேச்சுவார்த்தையே முறிந்துபோகும். யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, கூடவே செத்துப்போன யாரோ ஒருவரின் கதை.

“எங்க சகலப்பாடி உங்கள மாதிரிதான் அண்ணாச்சி. நல்லாத்தான் இருந்தாவ. டாக்டரு வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாரு. செருப்பு மாட்டக் குனிஞ்சாவ, அங்கனயே முடிஞ்சுபோச்சு. நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதிய.”

இப்படி ஆறுதல் சொல்லிவிட்டு, வந்தவர் சாத்துக்குடியை உரித்து, பாதியைத் தானே தின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெகுநாள் நான் செருப்பு மாட்டக் குனியவில்லை. பாக்கியம்தான் தரையில் உட்கார்ந்து மாட்டிவிடுவாள். பாத்ரூமில் விழுந்தவர், படியேறும்போது சாய்ந்தவர், தும்மியதும் போனவர் என்று எல்லோருடைய கதையும் என் கட்டிலைச் சுற்றி வந்து சேர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் ஒன்றையும் மறக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், கொஞ்சம் முசுடு. “செத்த இடம் இப்ப தழும்பாகிட்டு இருக்கு. மிச்ச இதயம் நல்லா இருக்கு. அதுக்கு வேலை கொடுத்தாத்தான் அது பலப்படும். முதல்ல வீட்டுக்குள்ள நடங்க, அப்புறம் தெருவுல, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க. வயிறு நிறையச் சாப்பிட்டதும் நடக்கக் கூடாது. பேசிக்கிட்டே நடக்க முடியணும், அதுதான் சரியான வேகம். பேச்சு வராம மூச்சு வாங்குச்சுன்னா வேகம் ஜாஸ்தி. பாட்டே பாட முடிஞ்சுதுன்னா நீங்க ஏமாத்துறீங்கன்னு அர்த்தம்.”

பாக்கியம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முன்கூடத்தில் கட்டிலைப் போட்டாள். நான் அதில் ஏறிப் படுத்தவன்தான். சோறு வாய்க்கு வந்தது, வெந்நீர் கட்டிலுக்கு வந்தது. சட்டைப் பித்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள். பம்பாயில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் வந்து இருந்துவிட்டு, இந்த ஏற்பாட்டைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிப் போனாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடத்தது. படபடத்தால் சாவு என்று நினைத்து உடனே படுத்துக்கொள்வேன். பகலெல்லாம் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைச் சாவி ஆணியில் தொங்கியது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர், “நடக்கிறாரா?” என்று கேட்டார்.

“தினமும் நடக்காவ சார்,” என்றாள் பாக்கியம், கண்ணிமைக்காமல்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடைசிவரை நடக்கச் சொன்னார். பாதியில் எனக்குத் தொடை நடுங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க இதயம் தேறிடுச்சு. காலைத்தான் கொன்னுட்டீங்க. இப்படியே படுத்திருந்தீங்கன்னா அடுத்த அடைப்பு தானா தேடி வரும்,” என்றார்.

அந்தப் பேச்சில் பயந்துபோய்த்தான் நடக்கக் கிளம்பினேன். படுத்தால் சாவு, நடந்தாலும் சாவு என்றால் மனிதன் என்ன செய்வான்? பாக்கியம் குளிக்கிற நேரமாகப் பார்த்து, வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். முனை திரும்புவதற்குள் ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. “என்ன அண்ணாச்சி, நடந்தா போறிய? ஏறுங்க.” ஏறுகிற வரை விடவில்லை. கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். மறுநாள் ஒரு சைக்கிள். அதற்கு அடுத்த நாள் முருகேசனே அரிசி மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். பெரியவர் ஒருவர் நடக்க, நாம் வண்டியில் அவரைத் தாண்டிப் போவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அந்தப் பெரியவர் நெஞ்சுவலிக்காரராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஊரே கூடி என்னைக் கட்டிலுக்குத் திருப்பி அனுப்பியது.

மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். முருகேசன்தான் உளறிவிட்டான்.

“மதினி சொல்லி வச்சிருக்காவ அண்ணாச்சி. தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியிருக்காவ. உங்கள நடக்கப் பாத்தா உடனே வண்டியில ஏத்தி வீட்டுல வுடணுமாம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பாக்கியம் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். டம்ளர் ஒடுங்கிவிட்டது. எங்கள் கடை டம்ளர்தான், நல்ல கனமான எவர்சில்வர். அதற்குப் பிறகு நான் சாப்பிடுவதையும் விட்டேன். இப்படிக் கிடப்பதற்கு அன்றைக்கு அந்த வேனிலேயே போயிருக்கலாம் என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். ஒருமுறை இல்லை, பலமுறை சொன்னேன். எனக்கு அப்போது யார் மேலும் இரக்கம் இல்லை, என் மேலும் இல்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்றிருக்கும். மாத்திரையை வாயில் போடாமல் தலையணைக்கு அடியில் தள்ளிவைத்த நாளும் உண்டு. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாளே என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் அன்றைக்கு ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. கூட்டமெல்லாம் போகட்டும் என்று எங்களைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னைக்கு மருந்து ஒண்ணும் எழுதப்போறதில்ல. பேசுவோம்,” என்றார். மாரடைப்புக்குப் பிறகு மனசு விழுந்துபோவதும் அந்த நோயில் ஒரு பகுதிதான், எத்தனையோ பேருக்கு வருகிறது, அது கோழைத்தனம் இல்லை என்றார். அப்புறம் அவர் என்னை விட்டுவிட்டு பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு என்னம்மா பயம்?”

“எனக்கு ஒண்ணுமில்ல சார்.”

“பிறகு ஏன் அவரை நடக்க விட மாட்டேங்குறீங்க?”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். டாக்டர் மறுபடி கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. கடைசியில் அவளே பேசினாள்.

“எங்க பெரியத்தானுக்கும், இவியளோட அண்ணனுக்கு, இதே நோவுதான் சார். கொஞ்சம் தேறி நடமாடிட்டு இருந்தாவ. ஒருநா அவிய சம்சாரம், அந்த அக்கா, குழாயடியில ஒரு குடம் தண்ணி புடிச்சு வச்சிருக்கேன், எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கா. கொண்டாந்து வாசப்படியில வச்சாவ, அப்படியே விழுந்துட்டாவ. பதினாறாம் நாள் விசேஷம் முடியறதுக்குள்ள சொல்லிட்டாவ சார், ஒரு குடம் தண்ணிக்குப் புருசனக் கொன்னுட்டான்னு. இன்னைக்கும் சொல்லுதாவ. அக்கா ராதாபுரத்துல அவ அண்ணன் வீட்டுல கிடக்கா. ஒரு நல்லது கெட்டதுக்கு அவளக் கூப்பிட மாட்டாவ.”

அவள் முந்தானை நுனியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இவிய படுத்துக் கிடந்து போனாவன்னா விதின்னு சொல்லுவாவ. ரோட்டுல நடந்து விழுந்தாவன்னா நான் கொன்னதுன்னு சொல்லுவாவ. எனக்குப் போக ஒரு அண்ணன் வீடுகூட இல்ல சார்.”

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் இருவருக்குள் பேச்சு என்றால் சாப்பாடு வை, கதவைச் சாத்து, மகளுக்கு லெட்டர் வந்ததா, இவ்வளவுதான். அவள் என்னைக் காவல் காக்கிறாள் என்று நான் சலித்துக்கொண்டிருந்தேன். அவள் எந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு எனக்குச் சட்டைப் பித்தான் போட்டாள் என்பது எனக்குத் தெரியாது.

ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் நான் அவரை நம்பியிருக்கமாட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “நடந்தா மறுபடி வர்றதுக்கு வாய்ப்பு குறையும். வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது,” என்றார். பிறகு, “நீங்களும் கூட நடங்கம்மா. உங்க கூட நடக்கும்போதுதான் இவர் என்ன வேகத்துல போறாருன்னு தெரியும். பேச்சுக் கொடுத்துக்கிட்டே போங்க,” என்றார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை அவளிடம் கொடுத்தார். நெஞ்சு வலித்தால் உடனே உட்கார வேண்டும், மாத்திரையை வைக்க வேண்டும், வலி அடங்கவில்லை என்றால் எந்த வண்டி கிடைத்தாலும் ஏறி வந்துவிட வேண்டும். “இதய வலி பெரும்பாலும் பரவலா அமுக்கும், ஒரு விரலால தொட்டுக் காட்ட முடியாது. பயத்துலயும் படபடப்பு வரும். எதுன்னு சந்தேகம் வந்தா வலின்னே வச்சுக்கங்க, உட்காருங்க. அதுல வெட்கம் வேண்டாம்.”

மறுநாள் ஸ்டேஷன் ரோட்டில் நடக்கக் கிளம்பினோம். அவள் வழக்கம்போல எனக்கு நாலடி பின்னால் வந்தாள். பின்னால் வருகிறவளிடம் எப்படிப் பேசிக்கொண்டு நடப்பது? “ஏளா, பக்கத்துல வா,” என்றேன். இதற்காகத் திரும்பித் திரும்பி நின்றதில்தான் எனக்கு முதலில் மூச்சு வாங்கியது. கடைசியில் தோளுக்குத் தோளாக வந்தாள், முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு.

“என்ன அண்ணாச்சி, ஜோடியா? தூரமா?” என்று கேட்டது ஊர். எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பதால் எங்கள் பக்கம் தூரமா என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு எந்தக் காரியமும் இல்லை. சும்மா போய்விட்டுச் சும்மா வருகிறவர்களை வள்ளியூர் அதுவரை பார்த்ததில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து, அதிலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

பேச என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கத்தரிக்காய் விலையைப் பேசினோம். மாடிக்குப் போட்ட தளம் ஒழுகுவதைப் பேசினோம். அதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோனது. தீர்ந்த இடத்தில் எனக்குப் பயம் வந்துவிடும், காதுக்குள் துடிப்பு கேட்க ஆரம்பிக்கும். பாதி வழியில் திரும்பிவந்த நாட்கள்தான் அதிகம். திரும்பிவந்து கட்டிலில் விழுந்து, இது நமக்கு நடக்காது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். மறுநாள் அவள் வந்து செருப்பை எடுத்து வைப்பாள். மாட்டிவிடமாட்டாள், எடுத்து மட்டும் வைப்பாள்.

ஒருநாள் அப்படிப் பேச்சு தீர்ந்துபோன இடத்தில் அவளாக ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு உங்கள உள்ள கொண்டு போன பிறகு அந்த வேன்காரரு கிளம்பணும்னாரு. முகூர்த்தத்துக்குச் சாமான் போய்ச் சேரணும்லா. எனக்கு மனசு கேக்கல. நீங்க கிடந்த வண்டி. அதுல இருந்த பாத்திரம் ஒரு கல்யாணப் பிள்ளைக்குப் போகுது. எல்லாத்தையும் கீழ எறக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக் குழாயில வச்சுக் கழுவிக் கொடுத்தேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். அந்த அண்டாவ என்னால புரட்ட முடியல. உள்ள உங்களுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாம வெளிய அண்டாவத் தேச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பிள்ளையாவது நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

நான் நின்றுவிட்டேன். வேனில் கிடந்து நான் வேண்டிக்கொண்டதும் அதுதான். அப்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை நான் நினைக்கவே இல்லை. வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை.

“என்ன? என்ன செய்யுது?” அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பிடித்து, வழியிலிருந்த சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். “பேசுங்க! வலிக்கா? காட்டுங்க, எங்கன வலிக்கு?”

எங்கிருந்தோ பார்த்துவிட்டு முருகேசன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். “ஏறுங்க அண்ணாச்சி. மதினி, நீங்க பைய வாங்க, நான் கொண்டு வுட்டுடுதேன்.”

நான் நெஞ்சில் கையை வைத்துத் தேடினேன். உண்மையாகவே தேடினேன். அமுக்கம் இல்லை, வியர்வை இல்லை, கை கனக்கவில்லை. தொண்டையில்தான் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணீர் வந்ததும் அதுவும் இறங்கிவிட்டது.

“வலி இல்ல பாக்கியம்,” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா. அந்த அண்டாவ நெனச்சேன்.”

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஐ.சி.யூ.வில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். முருகேசன் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால், இந்த இடத்தில்தான் அவள் வண்டி வேண்டாம் என்று சொன்னாள் என்று சாட்சி சொல்லப்போகிறவர்கள் அவர்கள் எல்லோரும்.

“நீங்க போங்க தம்பி,” என்றாள் பாக்கியம். “நாங்க நடந்தே வாறோம்.”

அவன் போன பிறகு அவள் மாத்திரையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தோம். வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா வந்தேன்.

“என்னத்தையாவது பேசிக்கிட்டே வாங்க,” என்றாள். “உங்க சத்தம் கேக்கலன்னா எனக்குக் கால் ஓடமாட்டேங்கு.”

கத்தரிக்காயைப் பற்றித்தான் பேசினேன். வீட்டு வாசல் வரை நிறுத்தாமல் பேசினேன்.